ஓவர்கிளாக் செஞ்ச பிசி கேம்ல மட்டும் டப்புனு அணையுது: எத்தனை வாட் எஸ்எம்பிஎஸ் போடணும்?

பிக்சல்பித்தன்:

வணக்கம். எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு கரண்ட் தர்ற பவர் சப்ளை) மாத்தணும்னு முடிவு பண்ணிட்டேன், எதுன்னுதான் குழப்பம்.

ப்ராசஸர் இன்டெல் கோர் ஐ7 14700கே. ஓவர்கிளாக்னு, அதாவது குறிச்ச வேகத்துக்கு மேல ஓட்ட, பவர் லிமிட்டை எடுத்துட்டு பி-கோர் (வேகமான கோர்) எல்லாம் 5.6 கிகாஹெர்ட்ஸ், லோடுல 1.33 வோல்ட். கிராஃபிக்ஸ் கார்டு ரேடியான் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ், மூணு 8 பின் சாக்கெட் இருக்கிற மாடல், பவர் ஸ்லைடர் +15%. அந்த நிலையில கார்டு மொத்தமா 460 வாட் இழுக்குதுன்னு எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள் காட்டுது. ரெண்டு டிடிஆர்5 ஸ்டிக், ரெண்டு என்விஎம்இ, 360 மிமீ லிக்விட் கூலர், ஆறு ஃபேன். எஸ்எம்பிஎஸ் 750 வாட், 80 ப்ளஸ் கோல்ட், ஏழு வருஷப் பழசு.

சினிபெஞ்ச் (ப்ராசஸர் சோதனை) அரை மணி நேரம் ஓட்டினாலும் ஒண்ணும் ஆகலை. ஃபர்மார்க் (கார்டு சோதனை) 20 நிமிஷம் தாங்குது. கேம்ல மட்டும், சில சமயம் பத்து நிமிஷத்துலயே, மொத்தமா அணைஞ்சுடுது. ப்ளூ ஸ்க்ரீன் கிடையாது. பின்பக்க ஸ்விட்சை ஆஃப் பண்ணி, கொஞ்சம் பொறுத்து ஆன் பண்ணாத்தான் உயிர் வருது.

கால்குலேட்டர்ல போட்டா 720 வாட்னு வருது. அப்போ 750 போதணுமே? 850, 1000, 1200 எதை எடுக்கலாம்? பிளாட்டினம் அவசியமா?

பன்னிரண்டுவோல்ட்:

கால்குலேட்டர் சொல்வது சராசரிக் கணக்கு. உங்கள் எஸ்எம்பிஎஸ் சராசரியில் விழவில்லை, உச்சத்தில் விழுகிறது. நீங்கள் எழுதிய அறிகுறிகளிலேயே பதில் இருக்கிறது.

சினிபெஞ்ச் ஓடும்போது கார்டு தூங்குகிறது. ஃபர்மார்க் ஓடும்போது ப்ராசஸர் தூங்குகிறது. அது மட்டுமல்ல, ஃபர்மார்க் என்பது ஒரே சீரான லோடு: கார்டு தன் பவர் லிமிட்டில் போய் முட்டி அங்கேயே நிற்கும். கேம் அப்படியில்லை. ஒரு காட்சி முடிந்து அடுத்தது லோடாகும் இடத்தில், மெனுவிலிருந்து ஆட்டத்துக்குள் நுழையும் இடத்தில், ஏன் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் நடுவில்கூட, கார்டின் இழுப்பு சட்டென்று இறங்கி சட்டென்று ஏறும். அந்த ஏற்றத்தில் சில மைக்ரோ செகண்டுகள் முதல் சில மில்லி செகண்டுகள் வரை பவர் லிமிட்டைத் தாண்டிப் போய்விடும். கார்டின் பவர் கட்டுப்பாடு சராசரி பார்த்து இழுத்துப் பிடிப்பதற்குள் அது நடந்து முடிந்துவிடும். மென்பொருளில் இது தெரியவே தெரியாது, அது பார்ப்பது சராசரியைத்தான்.

இனி கணக்கு. முதலில் ப்ராசஸர். மின்செலவு தோராயமாக அதிர்வெண் பெருக்கல் வோல்ட்டின் வர்க்கம். 5.5 கிகாஹெர்ட்ஸ், 1.25 வோல்ட் என்று இருந்த சிப்பை 5.6, 1.33 ஆக்கினால் வோல்ட்டால் மட்டும் 13% கூடும், அதிர்வெண்ணால் 2% கூடும். 253 வாட் இன்டெல் வைத்த எல்லை. அது 292 ஆகிறது, கசிவு மின்னோட்டம் தனி. வெறும் 100 மெகாஹெர்ட்ஸுக்கு 40 வாட். சரி, 300 என்று வைத்துக்கொள்வோம். இது சிப்புக்குள் போவது. மதர்போர்டில் ப்ராசஸருக்கான வோல்ட்டை இறக்கித் தரும் விஆர்எம் 90% திறனில் வேலை செய்தால் எஸ்எம்பிஎஸ் கொடுக்க வேண்டியது 333 வாட். பலர் விட்டுவிடும் இடம் இது.

ஆனால் கேமில் 14700கே முழு லோடுக்கு வராது. 160 வாட் என்று தாராளமாக வைத்தால் விஆர்எம் இழப்போடு 178. கார்டு 460. மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, பம்பு, ஃபேன்கள் எல்லாம் சேர்த்து 70. ஆக சராசரி 708 வாட், கால்குலேட்டர் சொன்னதற்குப் பக்கத்தில்தான். இப்போது கார்டு ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரம் ஒன்றரை மடங்கு போகட்டும்: 690. மொத்தம் 938. பொதுவாக ஓவர் பவர் பாதுகாப்பு (அளவு மீறினால் எஸ்எம்பிஎஸ் தன்னை அணைத்துக்கொள்வது), குறித்த அளவைவிட 20 முதல் 30 சதவீதம் மேலே வைக்கப்பட்டிருக்கும். 750க்கு அது 900 முதல் 975. நீங்கள் விளிம்பில் நடக்கிறீர்கள். அதனால்தான் சில நாள் பத்து நிமிடம், சில நாள் ஒரு மணி நேரம்.

என் தேர்வு 1000 வாட், ஏடிஎக்ஸ் 3.1 (எஸ்எம்பிஎஸ்களுக்கான தர விதி). ப்ராசஸர், கார்டு இரண்டையும் ஒரே நேரத்தில் முழு லோடில் போட்டாலும் 460 + 333 + 70 = 863. அதற்கும் இடம் இருக்கும். 1200 உங்களுக்குத் தேவையில்லை.

மல்டிமீட்டர்:

மேல சொன்ன கணக்கு சரி. ஆனா காசு போடறதுக்கு முன்னாடி, குற்றவாளி எஸ்எம்பிஎஸ்தானான்னு உறுதி பண்ணிக்கோங்க. ஓவர்கிளாக் பண்ண மெஷின்ல எது நிலைகுலைஞ்சாலும் பழி எஸ்எம்பிஎஸ் மேலதான் விழும்.

எப்படி அணையுதுன்னு பார்த்தாலே பாதி தெரிஞ்சுடும். மொத்தமா அணைஞ்சு, பின்பக்க ஸ்விட்சைத் தட்டினாத்தான் வரும்னா அது எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே பூட்டிக்கிட்டது. பாதுகாப்பு ட்ரிப் ஆயிருக்கு. தானா ரீஸ்டார்ட் ஆச்சுன்னா, ஒண்ணு 12 வோல்ட் தொய்ஞ்சு பவர் குட் சிக்னல் (கரண்ட் சரியா இருக்குன்னு எஸ்எம்பிஎஸ் சொல்றது) போயிருக்கணும், இல்லைன்னா ப்ராசஸர் ஓவர்கிளாக் தாங்கலை. ஸ்க்ரீன் மட்டும் கறுத்துப்போய் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா அது கார்டோட கோர் இல்லைன்னா மெமரி ஓவர்கிளாக், டிரைவர் விழுந்துடுச்சு.

விண்டோஸ் ஈவன்ட் வியூவர்ல கெர்னல்-பவர் 41 இருக்கும். அதைப் பார்த்துட்டு "எஸ்எம்பிஎஸ் போச்சு"ன்னு சொல்றவங்க அதிகம். அது காரணம் இல்லை, "போன தடவை ஒழுங்கா ஷட்டவுன் ஆகலை"ங்கிற குறிப்பு மட்டும்தான். அதுக்குள்ள பக்செக்கோடு 0ன்னா ப்ளூ ஸ்க்ரீன் வரவே நேரம் இல்லாம கரண்ட் போயிருக்குன்னு அர்த்தம். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி டபிள்யூஎச்இஏ-லாகர் (வன்பொருள் பிழை) பதிவு வரிசையா இருந்தா ப்ராசஸர் பக்கம் பாருங்க.

14700கேங்கிறதால இன்னொண்ணு. 13ஆம், 14ஆம் தலைமுறை சிப்கள்ல அதிக வோல்ட் கேட்டு சிப்பே தேய்ஞ்சுபோற பிரச்சினை இருந்துச்சு. 2024 செப்டம்பர்ல வந்த 0எக்ஸ்12பி மைக்ரோகோடோ (சிப்போட உள் நிரல் திருத்தம்), அதுக்குப் பிறகு வந்ததோ இருக்கிற பயாஸ் போட்டிருக்கீங்களா? ஏற்கெனவே தேய்ஞ்ச சிப் அதனால சரியாகாது, ஆனா மேல தேயாம இருக்கும்.

அடுத்து கேபிள். மூணு 8 பின் சாக்கெட்டுக்கும் மூணு தனித்தனி கேபிள் போட்டிருக்கீங்களா, இல்லை ஒரே கேபிள்ல ரெண்டு தலை இருக்கே அதையா? சொல்லுங்க.

அப்புறம் இந்த வரிசையில பாருங்க. முதல்ல கார்டை அப்படியே விட்டுட்டு ப்ராசஸரை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவாங்க, 253 வாட் லிமிட்டோட. எந்தக் காட்சியில அணைஞ்சுதோ அதையே ஓட்டுங்க. அடுத்து ப்ராசஸர் ஓவர்கிளாக்கைத் திரும்பப் போட்டு, கார்டு ஸ்லைடரை -10%க்கு இறக்குங்க. ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும்.

பிக்சல்பித்தன்:

பயாஸ் புதுசுதான், 0எக்ஸ்12பிக்குப் பிறகு வந்தது. டபிள்யூஎச்இஏ எதுவும் இல்லை. பக்செக்கோடு 0.

கேபிள் ரெண்டுதான் போட்டிருந்தேன், ஒண்ணுல ரெண்டு தலை. பெட்டியில மூணாவது கேபிள் இருந்துச்சு, மாத்திட்டேன்.

ப்ராசஸரை மட்டும் இறக்கினப்போ: அப்பவும் அணைஞ்சுது. கார்டை -10% ஆக்கினப்போ: மூணு மணி நேரம் ஓடுச்சு, ஒண்ணும் ஆகலை. மூணு தனி கேபிளோட +15%: அணையுறது குறைஞ்சிருக்கு, நிக்கலை.

கேபிளுக்கு இவ்வளவு வித்தியாசமா?

மல்டிமீட்டர்:

ஆமா. கணக்கு போட்டே பாத்துடலாம். 460ல மதர்போர்டு ஸ்லாட் வழியா ஒரு 50 போகுதுன்னா, மீதி 410 மூணு சாக்கெட்டுக்கும் பிரியுது, தலைக்கு 137 வாட். ரெட்டைத் தலை கேபிள்ல 274 வாட், அதாவது 22.8 ஆம்பியர். 8 பின் கேபிள்ல 12 வோல்ட் கம்பி மூணே மூணுதான். கம்பிக்கு 7.6 ஆம்பியர். 18 கேஜ் கம்பி மீட்டருக்கு 21 மில்லிஓம், 60 செமீ நீளத்துக்கு 12.6. போறப்போ கிட்டத்தட்ட 0.1 வோல்ட், திரும்பி வர்ற தரைக் கம்பியில இன்னும் கொஞ்சம், பின் தொடுற இடத்துல இன்னும் கொஞ்சம். இது சராசரி லோடுல. உச்சத்துல ஒன்றரை மடங்கு. தனி கேபிளா போட்டா கம்பிக்கு 3.8 ஆம்பியர்தான். வோல்ட் இழப்பு பாதி, சூடு கால்வாசி.

கார்டுக்கு வர்ற வோல்ட் குறைஞ்சா கார்டு சும்மா இருக்காது, அதே வாட்டுக்கு ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். அது எஸ்எம்பிஎஸ்ஸை ட்ரிப் பக்கம் இன்னும் தள்ளும். எஸ்எம்பிஎஸ் மல்டி ரயில் வகையா (12 வோல்ட்டைத் தனித்தனிப் பாதையா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் தனி பாதுகாப்பு) இருந்தா அந்தக் கேபிளோட ரயில் மட்டும் தனியா ட்ரிப் ஆகவும் வாய்ப்பு உண்டு.

சோதனை முடிவைப் பாத்தா சந்தேகமே இல்லை, கார்டோட உச்ச இழுப்புதான். ஏழு வருஷத்துல கெப்பாசிட்டரும் கொஞ்சம் வத்தியிருக்கும். புதுசுல தாங்கினதை இப்போ தாங்காது.

மௌனவிசிறி:

1000 வாட் என்பது மிகை என்று நினைக்கிறேன். ஏடிஎக்ஸ் 3.0 விதிப்படி, 12விஎச்பிடபிள்யூஆர் என்ற 16 பின் சாக்கெட் வைத்த எஸ்எம்பிஎஸ், குறித்த வாட்டைப் போல இரண்டு மடங்கை 100 மைக்ரோ செகண்ட் தாங்கியாக வேண்டும். நல்ல 850 ஒன்று 1700 வரை ஒரு கணம் தாங்கும். உங்கள் சராசரி 708. உச்சம் 938. தாராளம்.

கூடவே கார்டை அண்டர்வோல்ட் செய்யுங்கள். +15% போட்டு 60 வாட் கூடுதலாக எரித்து எத்தனை ஃப்ரேம் வந்தது என்று எண்ணிப் பாருங்கள். கையால் எண்ணிவிடலாம். கோர் வோல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் அதே வேகத்தைக் குறைந்த வாட்டில் எடுக்கலாம். சரியாக டியூன் செய்தால் உங்கள் 750கூட ஓடும்.

பன்னிரண்டுவோல்ட்:

அண்டர்வோல்ட் பற்றிச் சொன்னதில் எனக்கும் மறுப்பில்லை. ஏழு வருடப் பழைய 750ஐ வைத்து ஓட்டலாம் என்பதில்தான் மறுப்பு.

850 பற்றி: கேம் மட்டும் என்றால் நல்ல ஏடிஎக்ஸ் 3.1 850 போதும், உண்மைதான். ஆனால் அந்த இரண்டு மடங்கு தாங்கும் விதி 100 மைக்ரோ செகண்டுக்கு, அதுவும் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும். நீண்ட உச்சங்களுக்கு அனுமதி படிப்படியாகக் குறையும். கேள்வி கேட்டவர் பவர் லிமிட்டையே எடுத்துவிட்ட ஆள். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் ஷேடர் (காட்சி வரையும் நிரல்) கம்பைலாகும், அப்போது 14700கேயின் எல்லா கோரும் எழுந்து உட்காரும். 863 வாட் என்பது அந்த நேரத்துச் சராசரி, உச்சமல்ல. 850ல் அதற்கு இடமில்லை. இதோடு விசிறிச் சத்தமும் உண்டு. 850ஐ 700ல் ஓட்டினால் 82% லோடு, 1000ஐ ஓட்டினால் 70%, விசிறி மெதுவாகச் சுற்றும். உங்கள் பெயருக்கு நீங்களே 1000ஐத்தான் சிபாரிசு செய்ய வேண்டும்.

மௌனவிசிறி:

சத்தத்தைச் சொல்லி மடக்கிவிட்டீர்கள். சரி, லிமிட் இல்லாத ப்ராசஸருக்கு 1000 என்று ஒத்துக்கொள்கிறேன். லிமிட் போட்டவருக்கு 850.

பிக்சல்பித்தன்:

1000 எடுத்துடறேன். லிமிட்டை எடுக்கிறதுதானே சந்தோஷமே. பிளாட்டினமா கோல்டா? வாங்குறப்போ லேபிள்ல என்ன பாக்கணும்? அடுத்த கார்டு 16 பின் உள்ளதா இருக்கலாம், யுபிஎஸ் வேற இருக்கு. இது ரெண்டுக்கும் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

பன்னிரண்டுவோல்ட்:

80 ப்ளஸ் முத்திரை சொல்வது ஒன்றே ஒன்று: சுவரிலிருந்து இழுத்ததில் எவ்வளவு உள்ளே போய்ச் சேர்கிறது. 115 வோல்ட் சோதனையில் பாதி லோடில் ப்ரான்ஸ் 85%, கோல்ட் 90%, பிளாட்டினம் 92%. உங்கள் 700 வாட்டுக்கு கோல்டிலிருந்து பிளாட்டினத்துக்குப் போனால் மிச்சம் 17 வாட் வாக்கில். அதற்காகப் பெரிய விலை வித்தியாசம் கொடுக்காதீர்கள். வோல்ட் எவ்வளவு நிலையாக நிற்கிறது, ரிப்பிள் (வோல்ட்டில் வரும் சிறு அலைவு) எவ்வளவு, பாதுகாப்பு எந்த அளவில் ட்ரிப் ஆகிறது, இது எதுவுமே அந்த முத்திரையில் இல்லை. சைபனெடிக்ஸ் தரச்சான்று இருந்தால் பாருங்கள், திறனுக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகத் தருகிறார்கள்.

ஓவர்கிளாக் செய்கிறவருக்கு ரிப்பிள் முக்கியம். 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட் வரை ஏடிஎக்ஸ் அனுமதிக்கிறது. அது தேர்ச்சி மதிப்பெண் மாதிரி. நல்ல யூனிட்டுகள் முழு லோடிலும் 30, 40ஐத் தாண்டாது. ரிவ்யூ படிக்கும்போது வாட்டைப் பார்க்காதீர்கள், டிரான்சியன்ட் (திடீர் லோடு) சோதனையில் 12 வோல்ட் எவ்வளவு இறங்கியது என்ற பக்கத்துக்குப் போங்கள். அலைக்காட்டி வைத்து அளக்காத, பெட்டியைத் திறந்து படம் காட்டுகிற ரிவ்யூவால் பயனில்லை.

லேபிளில் 12 வோல்ட் வரியைப் பாருங்கள். 1000 வாட் யூனிட்டில் 83 ஆம்பியர் இருக்க வேண்டும். 70 என்று போட்டிருந்தால் 12 வோல்ட்டில் கிடைப்பது 840 மட்டுமே, மீதி உங்களுக்குப் பயன்படாத 5, 3.3 வோல்ட்டில் கிடக்கிறது. உள்ளே எல்எல்சி (திறன் கூடிய மாற்றிச் சுற்று), டிசி-டு-டிசி (12லிருந்து 5, 3.3ஐத் தனியாக எடுப்பது) அமைப்பு இருக்கட்டும். 12ஐயும் 5ஐயும் சேர்த்தே கட்டுப்படுத்தும் பழைய குரூப் ரெகுலேஷன் வகையில், 12 வோல்ட்டில் மட்டும் பாரம் ஏறினால் 12 கீழே போகும், 5 மேலே போகும். இன்றைய பிசியில் பாரம் எல்லாமே 12ல்தான்.

மல்டிமீட்டர்:

மாட்டறப்போ ஒரு விஷயம், இதைப் பெரிசா எழுதணும்: பழைய எஸ்எம்பிஎஸ்ஸோட மாடுலர் (கழட்டி மாட்டுற) கேபிளைப் புதுசுல மாட்டாதீங்க. ஒண்ணுகூட. கம்பெனி ஒண்ணா இருந்தாலும் சரி. கார்டு பக்கம், டிரைவ் பக்கம் பின் வரிசைக்கு விதி இருக்கு, எஸ்எம்பிஎஸ் பக்கத்துக்கு இல்லை. சாக்கெட்டுல அழகா போய் உக்காரும், 5 வோல்ட் வரவேண்டிய கம்பியில 12 வரும், எஸ்எஸ்டி அங்கேயே முடிஞ்சுது. ஏற்கெனவே நேர்த்தியா வரிஞ்சு கட்டி வெச்சிருக்கோமேன்னு சாட்டா கேபிளை மட்டும் விட்டு வெக்கிறதுதான் வழக்கமா நடக்கிற தப்பு.

வாங்கறதுக்கு முன்னாடி கனெக்டரை எண்ணுங்க. ப்ராசஸருக்கு 8 பின் இபிஎஸ் ரெண்டு வேணும். 333 வாட்னா 28 ஆம்பியர், ஒரே கேபிள்ல நாலு கம்பிக்கு 7 ஆம்பியர். போகும், ஆனா சுடும். ரெண்டும் மாட்டினா பாதி. கார்டுக்கு தனித்தனியா மூணு கேபிள் இருக்கணும், ரெண்டு கேபிள்ல நாலு தலைன்னு கொடுக்கிறதை எண்ணிக்கையில சேர்க்காதீங்க.

16 பின் விஷயம்: ஏடிஎக்ஸ் 3.1ல வர்றது 12வி-2எக்ஸ்6. பழைய 12விஎச்பிடபிள்யூஆர்ல இருந்து மாறினது சாக்கெட்தான். சென்ஸ் பின்னை (எவ்வளவு இழுக்கலாம்னு கார்டுக்குச் சொல்ற பின்) குட்டையாக்கி, பவர் பின்னைக் கொஞ்சம் நீட்டியிருக்காங்க. முழுசா சொருகலைன்னா சென்ஸ் தொடாது, கார்டு பவர் இழுக்காது. ஆனாலும் 600 வாட்னா 50 ஆம்பியர், ஆறு பின்ல பிரிஞ்சு பின்னுக்கு 8.3. ரெண்டு பின் சரியா தொடலைன்னா மீதி நாலுல 12.5 ஆம்பியர் பாயும், அங்கதான் உருகுறது. கடைசி வரைக்கும் தள்ளி, சாக்கெட்டுக்கும் பிளக்குக்கும் நடுவுல இடைவெளி இல்லைன்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. பிளக்ல இருந்து 35 மிமீ நேரா விட்டுட்டுத்தான் கேபிளை வளைக்கணும். கேஸோட கண்ணாடிக் கதவு கேபிளை அழுத்துற மாதிரி இருந்தா அந்தக் கேஸ் அந்தக் கார்டுக்கு ஆகாது.

யுபிஎஸ்ல விஏவைப் பாக்காதீங்க, வாட்டைப் பாருங்க. 1000 விஏன்னு பெட்டியில இருக்கும், உள்ள 600 வாட்தான் இருக்கும். 700 வாட் உள்ள வேணும்னா சுவர்ல கிட்டத்தட்ட 790. அந்த 1000 விஏ, கேம் நடுவுல கரண்ட் போனா பேட்டரிக்கு மாறின உடனே ஓவர்லோடு ஆகி விழுந்துடும், அப்புறம் மறுபடி எஸ்எம்பிஎஸ் மேல பழி. ப்யூர் சைன் வேவ் வகையா இருக்கட்டும், சில எஸ்எம்பிஎஸ்ஸோட ஆக்டிவ் பிஎஃப்சி (சுவர் கரண்ட்டை ஒழுங்கா இழுக்க வைக்கிற சுற்று), படிக்கட்டு மாதிரி வர்ற அலையைப் பாத்தா முரண்டு பிடிக்கும்.

மாட்டினதும் ஓசிசிடி மென்பொருள்ல பவர் டெஸ்ட் ஓட்டுங்க, ப்ராசஸரும் கார்டும் சேர்ந்து ஏறும். அப்போ சும்மா தொங்கற மோலக்ஸ் கனெக்டர்ல மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக்கும் நடுவுல மீட்டர் வெச்சுப் பாருங்க. மதர்போர்டு சென்சார் காட்டற 12 வோல்ட்டை நம்பாதீங்க, 11.8ங்கும், மீட்டர்ல 12.05 இருக்கும். லோடு இல்லாதப்போ இருந்ததைவிட 0.1க்கு மேல இறங்கினா சொல்லுங்க, பாப்போம்.

பிக்சல்பித்தன்:

நல்லவேளை, சாட்டா கேபிளை விட்டு வெக்கலாம்னுதான் நெனச்சிருந்தேன். எல்லாத்தையும் உருவிடறேன். யுபிஎஸ் பின்னாடி பாத்தேன், 1100 விஏ, 660 வாட்.

மல்டிமீட்டர்:

660ல கேம் ஓடாது. இப்போதைக்கு மானிட்டரையும் ரவுட்டரையும் மட்டும் யுபிஎஸ்ல போடுங்க, பிசியை நேரா சுவர்ல சொருகுங்க. எர்த் இருக்கிற பாயிண்டா பாத்து.